நெடும்பாரின் விலை

சலேத்மேரி தோற்றிருந்தால் ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது. முனைத்துறைக்காரர்கள் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார்கள். அவளும் பழையபடி ஏலக் கொட்டகையில் நின்று வியாபாரிகளை விரட்டிக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் அவள் ஜெயித்துவிட்டாள். கட்ச்சிலிருந்து வங்காளம் வரைக்கும், அதுவரை அவள் பெயரைக்கூடக் கேட்டிராத ஜனமெல்லாம் ஓட்டை அள்ளி அள்ளிப் போட்டிருந்தது.

தேர்தல் பெருங்கடல் மன்றத்துக்கு. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியிருக்கும் நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்துக்கொண்ட பொதுப் பாராளுமன்றம் அது. கடலில் யார் எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே தோண்டலாம் என்பதை இனி அதுதான் முடிவு செய்யும். ஒவ்வொரு நாடும் தேர்தல் நடத்தித் தன் உறுப்பினர்களை அனுப்ப வேண்டும். இந்தியாவுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்றைக் கடலோடிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். நாட்டின் கடற்கரை முழுவதும் அந்த ஓர் இடத்துக்குத் தொகுதி.

முனைத்துறையில் ஏலம் கூறும் ஒரே பெண் சலேத்மேரி. அவள் வாய்க்குப் பயந்து தூத்துக்குடி வியாபாரிகள் பலர் ஆளை அனுப்பி மீன் எடுப்பார்கள். "இந்த வெலைக்கா கேக்க? போவே! கடல்ல திருப்பிக் கொட்டினாலும் கொட்டுவேன், ஒமக்குத் தர மாட்டேன்" என்று அவள் கத்தினால் அது கோபம் என்று புதிதாக வந்தவன்தான் நினைப்பான். பழகியவன் சிரித்துக்கொண்டே ஒரு நூறு ஏற்றிச் சொல்வான். அவள் இன்னொரு முறை கத்துவாள். கடைசியில் மீன் கைமாறும். ஏலம் என்றால் அப்படித்தான்.

அவள் தேர்தலுக்கு நின்றதற்குக் காரணம் நெடும்பார். கரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், கடலுக்கடியில் மலைத்தொடர் போல நீண்டு கிடக்கும் பாறைமேடு அது. அந்தக் கரையின் சோறே அங்கேதான் விளைகிறது. அதன் அடியில் மின்கலன்களுக்கு வேண்டிய உலோகம் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். சுரங்கக் கூட்டமைப்பு ஒன்று சோதனைக்கு என்று இயந்திரத்தை இறக்கித் தோண்டியது. தண்ணீர் முழுக்கச் சேறாகக் கலங்கியது. அப்போது கீழே சங்கு எடுத்துக்கொண்டிருந்தான் சலேத்தின் புருஷன் ராயப்பன். கண் தெரியாமல், கயிறு தெரியாமல் தடுமாறி, மூச்சு முட்டி ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படி வரக் கூடாது. உயிர் பிழைத்தது, இரண்டு காலும் போயிற்று. கூட்டமைப்பு ஒரு பழக்கூடையும் அனுதாபச் செய்தியும் அனுப்பியது. அந்தப் பழக்கூடையைச் சலேத் நடுத்தெருவில் கொட்டி மிதித்தாள். அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது, இவளைத்தான் நிறுத்த வேண்டும் என்று.

தேர்தல் வேலைகளைக் கவனிக்கச் சென்னையிலிருந்து நவநீதன் என்ற வக்கீல் வந்தான். சம்பளம் வாங்காமல் வந்த பையன், கெட்டிக்காரன். ஆனால் அவனும் அவளும் சேர்ந்து ஒரு தப்புச் செய்தார்கள்.

இத்தனை மொழி பேசும் தொகுதியில் எப்படி ஓட்டுக் கேட்பது? அதற்குத்தான் கருத்துப்பாலம் என்ற இயந்திரம் இருந்தது. வேட்பாளர் தன் மொழியில் பேசுவார். கேட்பவர் காதில் சின்னக் கருவி ஒன்றைச் சொருகிக்கொண்டால், அதே குரலில், அவரவர் மொழியில் கேட்கும். ஜனங்கள் அதற்குக் காதுப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். "நாங்கள் சொல்லைப் பெயர்ப்பதில்லை, மனத்தைப் பெயர்க்கிறோம்" என்று விளம்பரம் செய்தார்கள். மனத்தை அறிய இயந்திரத்துக்கு வேட்பாளரின் பழைய பேச்சு வேண்டும். மற்றவர்கள் மேடைப் பேச்சையும் பேட்டிகளையும் கொடுத்தார்கள். சலேத்திடம் அப்படி என்ன இருக்கிறது?

"ஏலத்துல நான் பேசுனது பூராவும் சங்கத்துல பதிவாயிருக்கு தம்பி. தகராறு வந்தா பாக்குறதுக்குன்னு வச்சிருக்காவ" என்றாள். "எனக்கு வேசம் போட்டுப் பேசத் தெரியாது. அதுதான் என் நெசமான பேச்சு."

"சூப்பர்க்கா. இதைவிட உண்மையான பேச்சு எந்த வேட்பாளர்கிட்டயும் இருக்காது" என்றான் நவநீதன்.

பல வருஷத்து ஏலக் கூச்சலை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.

பிறகு அவள் கரை கரையாகப் போய்க் கத்தினாள். "நெடும்பாரைத் தர மாட்டோம்! என்ன வெலை சொன்னாலும் தர மாட்டோம்!" ரத்னகிரியில் கத்தினாள், காக்கிநாடாவில் கத்தினாள், பாராதீப்பில் தொண்டை கட்டிப்போய்ச் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கத்தினாள். எங்கே போனாலும் ஜனம் தலையாட்டியது, கை தட்டியது. அவர்கள் கண்ணில் கோபம் இல்லையே, என்னவோ கணக்குப் போடுகிற மாதிரிப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு ஓரிரு முறை உறுத்தியது. வெளியூர்க்காரர்கள், அவர்கள் பழக்கம் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஜெயித்த மறுநாளே சுரங்கக் கூட்டமைப்பிலிருந்து பூங்கொத்து வந்தது. "தங்கள் நிதானமான அணுகுமுறையை மதிக்கிறோம்" என்று அட்டையில் தமிழில் அச்சடித்திருந்தார்கள்.

"நிதானமா? எனக்கா?" என்று சலேத் ராயப்பனிடம் காட்டினாள்.

"வீடு மாறி வந்திருக்கும் ஏளா" என்று அவன் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தான். "ஒன்னயப் போயி நிதானங்குறானா! தூக்கி ஆட்டுக்குப் போடு."

டெல்லியில், பதவிப்பிரமாணத்துக்கு முன்னால், சுனந்தா பட்நாயக் என்ற அதிகாரி அவளை எதிரே உட்கார வைத்து அவளுடைய வாக்குறுதியை வாசித்தார். இது வாக்குக் காப்புச் சட்டத்தின் சடங்கு. தேர்தலில் வானத்தை வில்லாக வளைப்பேன் என்று சொல்லிவிட்டு, ஜெயித்த பிறகு ஓடி ஒளிகிறவர்களால் நொந்துபோன ஜனம் கேட்டு வாங்கிய சட்டம் அது. ஜனம் எதைக் கேட்டு ஓட்டுப் போட்டதோ, உறுப்பினர் அதற்குக் கட்டுப்பட்டவர். மாறி நடந்தாலும், மாறிப் பேசினாலும், பதவி அந்த நிமிஷமே போய்விடும். இந்தச் சட்டம் வந்தபோது முனைத்துறையில் வெடி போட்டார்கள். கொளுத்தியவர்களில் சலேத்தும் ஒருத்தி.

அதிகாரி ஒடியாவில் வாசித்தார். சலேத்தின் காதில் தமிழில் விழுந்தது: "நெடும்பாரை இப்போது சொல்லப்படும் விலைக்குத் திறக்கச் சம்மதியேன். நியாயமான விலை கிடைத்தால் திறக்க இசைவேன். இதுவே நான் மக்களுக்கு அளித்த வாக்கு."

சலேத்துக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். புரிந்ததும் நாற்காலி பின்னால் விழுந்தது.

"எவன் சொன்னான்? நானா சொன்னேன்? எம் புருசன் காலு ரெண்டையும் தின்னுபுட்டு, அந்தக் கடலையும் எங்கிட்டயே வெலை பேசுதியளா? தர மாட்டேம்மா, தர மாட்டேன்! நீங்க ஒலகத்தையே கொண்டாந்து கொட்டினாலும் தர மாட்டேன்!"

சுனந்தா பட்நாயக் தன் காதுக் கருவியில் விரலை வைத்துக் கவனமாகக் கேட்டார். கனிவாகத் தலையசைத்தார். "அம்மையார் விலையை இன்னும் உயர்த்த விரும்புகிறார். புரிகிறது. அதை மன்றத்தில் பேசிக்கொள்ளலாம்."

அடிக்கக் கை ஓங்கினால் அதையும் கையசைத்து விடைபெறுகிறாள் என்று எடுத்துக்கொள்வார்களோ என்னவோ! நவநீதன் குறுக்கே பாய்ந்து, அவள் சொன்னதை இங்கிலீஷில் சொன்னான். அதிகாரி வருத்தத்துடன் கையை விரித்தார். வக்கீல் சொல்வதைப் பதிவில் ஏற்ற முடியாதாம். பாலம் வழியாக வந்தால்தான் செல்லுமாம், மனிதர்கள் மொழிபெயர்த்தால் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுகிறார்களாம். கெட்ட பெண்மணி இல்லை. அவளுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் கண்டதும் சலேத்துக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

நவநீதன் அலைந்து விசாரித்துவிட்டு வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. அலுவலக கேன்டீனில் அவளெதிரே உட்கார்ந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இதுல யாரும் சதி பண்ணலைக்கா. பண்ணியிருந்தா கோர்ட்டுக்காவது போயிருக்கலாம். இயந்திரம் நீங்க பேசுனதை மட்டும் பாக்கறதில்ல, பேசின பிறகு என்ன செஞ்சீங்கன்னு பாக்குது. அதைத்தான் மனசுன்னு எடுத்துக்குது. ஏலத்துல நீங்க 'தர மாட்டேன்'னு சொன்னப்பல்லாம் கடைசியில என்ன ஆச்சு?"

"வித்தேன்."

"ஒரு தடவையாவது விக்காம விட்டிருக்கீங்களா?"

அவள் டீயைத் தள்ளி வைத்தாள்.

"அதான். இந்தம்மா தர மாட்டேன்னு சொன்னா விலை ஏத்தணும்னு அர்த்தம்னு அது கத்துக்கிச்சு. தமிழ்ல கேட்டவங்களுக்கு உங்க சொந்தப் பேச்சே கேட்டுச்சு. மத்த எல்லாருக்கும் நல்ல விலை வாங்கித் தரப்போற கறாரான வியாபாரி பேசினாங்க. அவங்களுக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கு."

"மீனு நாறிப்போகும்ல தம்பி!" என்றாள் சலேத். அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "மதியம் தாண்டுனா நாயி திங்காது. அதனால வித்துத்தான் ஆகணும். கடலு நாறிப்போகுமா? அதை எதுக்கு விக்கணும்? இந்த வித்தியாசம் தெரியாத மிசினையா மனசைப் படிக்க வச்சிருக்கான்?"

"பதிவைக் கொடுத்தது நான்தான்க்கா."

"கொடுக்கச் சொன்னது நானு. அதை வுடு. இப்ப நான் இந்தப் பதவி வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டா?"

"இரண்டாவதா வந்தவர் உள்ள வருவார். அவர் கூட்டமைப்போட ஆளு. நெடும்பாரைத் தாம்பாளத்துல வச்சுக் கொடுத்துடுவார். அந்தப் பாரை ஒட்டின கரையோட உறுப்பினர் விலைக்குச் சம்மதிச்சாத்தான் மன்றம் அதைத் திறக்க முடியும். அந்த உறுப்பினர் இப்ப நீங்க."

"சம்மதிக்க மாட்டேன்னு சொன்னா?"

"வாக்கு மீறினதா ஆயிடும். பதவி போயிடும், அவர் வந்துடுவார். பிரமாணம் எடுத்ததும் உங்க பேச்சு எல்லாமே பதிவாகும்க்கா. மன்றத்துல மட்டும் இல்ல, போன்ல பேசினாலும் சரி, வீட்ல பேசினாலும் சரி, எழுதினாலும் சரி. உறுப்பினருக்கும் கூட இருக்கற என்னை மாதிரி ஆளுக்கும் ரகசியம் கிடையாதுன்னு சட்டம். அதுவும் நாமளே கேட்டு வாங்கினதுதான்."

வேறு வழி தெரியாமல் சலேத் பிரமாணம் எடுத்தாள். அதற்கு முன்னால் ராயப்பனைக் கூப்பிட்டு, "அங்க போயி எதையாவது முறிச்சுப் போட்டுட்டு வாரேன், பாத்துக்கிடுங்க" என்றாள். என்ன முறிப்பது, எப்படி முறிப்பது என்று அவளுக்கே தெரியாது. வாக்குறுதி தலைகீழான கதையை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. "நீ போனா முறிச்சுருவ ஏளா" என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

மன்றம் மொம்பாசாவில் கூடியது. வட்டமான பெரிய மண்டபம், எல்லார் காதிலும் பூச்சி. தலைவர் மடகாஸ்கர்க்காரர், மெல்லிய குரலில் பேசும் மனிதர். கூட்டமைப்பின் சார்பில் நெடும்பாருக்கு ஒரு விலையை வாசித்தார்கள். நஷ்டஈடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருந்தன. பிறகு அத்தனை பேரும் சலேத்தைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். நாக்கு நுனியில் நல்ல வசவு ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொன்னால் இவர்கள் காதில் எப்படியும் பேரமாகத்தான் விழும், அதனால் பதவிக்கு ஆபத்தில்லை. ஆனால் பேரம் படிந்துவிட்டது என்று ஒருநாள் இவர்களே முடித்துவிட்டால்? 'நியாயமான விலை' என்று வாசித்தார்களே, எவ்வளவு என்று வாசித்தார்களா? நியாயம் என்று யார் சொல்ல வேண்டும்? யோசித்துப் பார்த்தாள். அவள்தான் சொல்ல வேண்டும். எந்த விலையையும் பத்தாது என்று சொல்லிக்கொண்டே இருந்தால்? பதவிக்காலம் முடியும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தால்? வசவு எப்போது இவர்கள் காதில் மறுப்பாக விழும் என்று சொல்ல முடியாது. பேரத்தை எவனும் வாக்கு மீறல் என்று சொல்ல முடியாது.

வசவை விழுங்கினாள். வாழ்க்கையில் அவள் விழுங்கிய முதல் வசவு அதுதான். "இது பத்தாது. இன்னும் ஏத்துங்க" என்றாள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நவநீதன் திடுக்கிட்டான். அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு மெல்லப் புரிந்தது. வாயைத் திறக்காமல் குனிந்துகொண்டான்.

அவர்கள் ஏற்றினார்கள். அவள் பத்தாது என்றாள். கூட்டத்தொடர் கூட்டத்தொடராக இதே நடந்தது. மீன்பிடித் துறைமுகம் கட்டித் தருகிறோம் என்றார்கள், இன்னும் ஏத்துங்க என்றாள். லாபத்தில் பங்கு என்றார்கள், எச்சில் பங்கு எதற்கு என்றாள். வாசலில் நிற்கும் காவலர்கள்கூட அவளுக்குக் கூடுதல் மரியாதை காட்டத் தொடங்கினார்கள். இந்தப் பெண்மணியைப் போல பேரம் பேச ஆளே இல்லை என்று மன்றத்தில் பேச்சு. கடலடியில் ஒரு இயந்திரமும் இறங்கவில்லை.

முனைத்துறையில் ஜனம் இதையெல்லாம் தமிழில், அவள் சொந்தக் குரலில் கேட்டது. தர மாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனவள், வெளிநாட்டில் குளுகுளு அறையில் உட்கார்ந்து கடலுக்கு விலை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கேட்டவர்களுக்கு ரத்தம் கொதிக்காதா? கொதித்தது. நியாயமாகத்தான் கொதித்தது. அவளுக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல வழியிருந்தால் அத்தனையும் அடங்கியிருக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கடல் போய்விடும். இப்படி ஒரு பொறியை எந்தப் பாவி யோசித்து வைத்தான் என்று திட்டலாம் என்றால், யோசித்து வைத்தவன் என்று ஒருவனும் இல்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஒருநாள் இடைவேளையில் ராயப்பன் கூப்பிட்டான். அழைப்பு பதிவாகிறது என்பதற்கு அடையாளமாகப் போனில் சின்னதாக ஒரு மணிச் சத்தம் கேட்டது.

"ஊர்க்காரப் பொம்பளைய வந்து வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போறாளுவ" என்றான். "நான் ஒண்ணும் சொல்லல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நெசமாவே விக்கப் போறியா ஏளா?"

சலேத் வாயைத் திறந்தாள். நவநீதன் எதிரே நின்று, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வெலை இன்னும் படியலங்க" என்றாள்.

"எங்காலுக்கு எவ்வளவு போட்டிருக்க? அதையும் அதுல சேத்திருக்கியா, இல்ல அது தனியா?"

அவன் போனை வைத்துவிட்டான். பிறகு அவள் கூப்பிட்ட அழைப்பு எதையும் அவன் எடுக்கவில்லை. அன்றைக்குப் பிற்பகல் அவள் மன்றத்தில் எழுந்து பத்தாது என்று சொன்னபோது குரல் உடைந்தது. மற்ற உறுப்பினர்கள் அதையும் பேரத்தில் ஒரு தந்திரம் என்று ரசித்தார்கள்.

மழைக்காலக் கூட்டத்தொடரில் கூட்டமைப்பு தன் பெரிய விலையைக் கொண்டுவந்தது. அதற்கு மேல் ஒருவனாலும் கொடுக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. தலைவர் அவள் பக்கம் திரும்பினார். சலேத் வழக்கம்போல எழுந்தாள்.

"பத்தாது. இன்னும் ஏத்துங்க."

சிலர் காதிலிருந்து கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினார்கள். தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் இதுவரை இல்லாத குழப்பம் இருந்தது.

"அம்மையார் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்டதா? 'என் உயிர் இருக்கும் வரை எந்த விலைக்கும் தர மாட்டேன்' என்றீர்களா?"

நவநீதன் பின்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. மாதக்கணக்கில் அவள் ஏற்று ஏற்று என்று சொல்கிறாள், ஒருமுறையும் கொடுக்கவில்லை. பேசின பிறகு என்ன செய்தாள் என்று பார்த்துக்கொண்டே இருந்த இயந்திரம், கடைசியில் அவள் மனத்தைச் சரியாகப் படித்துவிட்டது.

"நான் வெலையத்தான் ஏத்தச் சொன்னேன்!" என்றாள் சலேத். அதுவும் எப்படிப் போய் விழுந்ததோ, தலைவரின் முகம் இன்னும் இறுகியது. அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. "வாயி கணக்கா, மனசு கணக்கா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்கய்யா! வாயி கணக்குன்னா, கரை முழுக்க நான் தர மாட்டேன்னுதான கத்துனேன்? அப்பமே ஒங்க வாக்குறுதி செல்லாது. மனசு கணக்குன்னா, இந்தா, ஒங்க பூச்சியே சொல்லிட்டுல்ல எம் மனசை? ரெண்டுல எதைப் பிடிச்சாலும் தர மாட்டேன்னுதான வருது!"

தலைவர் சட்ட ஆலோசகரைக் கலந்துவிட்டு, மெல்லிய குரலில், மிகுந்த மரியாதையுடன் தீர்ப்புச் சொன்னார். வாயும் கணக்கல்ல, மனமும் கணக்கல்ல. மக்கள் காதால் எதைக் கேட்டார்களோ அதுவே வாக்குறுதி. இன்று இந்த அவை எதைக் கேட்டதோ அது அந்த வாக்குறுதிக்கு மாறானது. உறுப்பினர் பதவி இழந்தார். அடுத்ததாக அதிக வாக்குப் பெற்றவர் அழைக்கப்படுவார். அம்மையாரின் பங்களிப்புக்கு நன்றி.

கை தட்டினார்கள். ஆமாம், அத்தனை பேரும் எழுந்து நின்று அவளுக்குக் கை தட்டினார்கள். அவளைப் பேச விடாமல் செய்தவர்கள், அவள் சொல்ல வந்ததை முதன்முதலாகக் கேட்ட அன்றே வெளியே அனுப்பியவர்கள், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

வெளி வராந்தாவில் ஒரு ஊழியன் வந்து அவள் அடையாள அட்டையையும் காதுப்பூச்சியையும் வாங்கிக்கொண்டு போனான். நவநீதன் சுவரோரம் உட்கார்ந்து விம்மினான்.

"அது பொய் சொல்லியிருந்தா திட்டிட்டாவது போகலாம்க்கா. உண்மையைச் சொல்லிடுச்சு."

"அழாத தம்பி" என்று அவன் தலையில் கை வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. போனை எடுத்து ராயப்பனைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை மணிச் சத்தம் இல்லை. அவள் இப்போது யாரும் பதிவு செய்யத் தேவையில்லாத பெண்பிள்ளை.

முதல் அழைப்பிலேயே அவன் எடுத்துவிட்டான்.

"பதவி போயிட்டுங்க" என்றாள்.

"கேட்டேன்."

"நான் வெலை பேசுனதைக் கேட்டிருப்பிய. அது வந்து…"

"நான் தமிழ்ல கேக்கல ஏளா." அவன் குரல் கரகரத்தது. "நம்ம பேச்சுல நீ வெலை ஏத்துறதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. கேக்காம இருக்கவும் முடியல. விழிஞ்ஞத்துல சங்கு குளிச்ச காலத்துல மலையாளம் பழகுனேன்லா, பூச்சியை அதுக்கு மாத்தி வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். யாரோ பேசுதாங்கன்னு நெனைச்சுக்கிடலாம்னு. இன்னைக்கு அதுல, உசிரு இருக்க மட்டும் தர மாட்டேன்னு வந்துது."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எப்பத்துலருந்து ஏளா?"

"மொதல் நாள்லருந்தேதாங்க."

மறுமுனையில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில், காலில் உணர்வில்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட அவன் அழுததை அவள் பார்த்ததில்லை. "நான் ஒன்னய என்ன வார்த்தை கேட்டுட்டேன்" என்றான். "ஊரே ஒன்னய…"

"அதைப் பொறவு அழுதுக்கிடலாம்" என்று சலேத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புது ஆளு வந்து கையெழுத்துப் போட்டதும் மிசினு கப்பலு கெளம்பிரும். ஊருல அதுக்குள்ள என்ன செய்யணும்னு யோசிங்க."

"யோசிச்சாச்சு. ஒங்கிட்ட இருந்து போன் வாரதுக்கு முந்தியே ஆளுவ இங்கதான் வந்து நிக்காவ. வல்லம், படகு அம்புட்டையும் நெடும்பாருக்கு எறக்குதோம்." அவன் பின்னால் பல பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. ஒரு பெண் அழுதுகொண்டே சலேத்தின் பெயரைச் சொல்லி என்னவோ கத்தினாள். "என்னையக் கட்டிலோட தூக்கி முன்வல்லத்துல வைக்கச் சொல்லியிருக்கேன். அவனுவ எந்த எடத்துல மிசினை எறக்கணுமோ, அந்த எடத்துக்கு மேல நான் கெடக்கேன். எறக்கட்டும், பாப்போம். நீ சீக்கிரம் வா ஏளா."